நான்கெல்லையும் நான்கு தாள்களும்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின், நனைந்த புத்தகங்களை மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்திருந்தேன். அவற்றோடு காய்ந்துகொண்டிருந்த தாய்ப்பத்திர நகலை அன்றுதான் முதன்முறையாக முழுவதும் படித்தேன். குன்றத்தூரிலிருந்து சற்றுத் தொலைவில், அடையாற்றுப் பக்கமாக அமைந்த ஒரு மனைப்பிரிவில் 2008ஆம் ஆண்டு வாங்கிய இடம் அது. சொத்து விவரத்தில் வழக்கம்போல் நான்கெல்லை சொல்லப்பட்டிருந்தது. வடக்கே வாய்க்கால், மேற்கே ஒருவரது நன்செய், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே தாங்கல்.

தாங்கல் என்ற சொல்லைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தமிழில் முதுகலை படித்தவன். உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் காண்கிறார்கள் என்று மாணவர்களுக்கு நாள்தோறும் எடுத்துச் சொல்கிறவன். தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் என் கையெழுத்தோடு சேர்ந்து பீரோவில் ஏழாண்டுகள் கிடந்த ஒரு தாளில் அச்சொல் இருந்ததை நான் பார்க்கவில்லை. மனையின் விலையைப் பார்த்தேன், சாலையின் அகலத்தைப் பார்த்தேன், பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். கிழக்கே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் கிழக்கே இருந்தது வீட்டுக்குள் வந்தது.

அந்தத் தாங்கல் எங்கே இருந்தது, எப்போது போனது என்று தேடத் தொடங்கியதன் விளைவு இக்கட்டுரை. தேடல் என்னைப் பழைய நில வரைபடங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலக்கியம் படிப்பவர்கள் பொதுவாக வரைபடங்களைப் பனுவலாகக் கருதுவதில்லை. அவை பனுவல்கள்தாம். அவற்றுக்கும் ஆசிரியர்கள் உண்டு, நோக்கம் உண்டு, மௌனங்கள் உண்டு, பாடபேதங்களும் உண்டு.

*

முதலில் ஒரு வேடிக்கையான செய்தி. இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட இடவிளக்க வரைபடங்களை, அதாவது வழக்கில் ‘டோப்போ ஷீட்’ எனப்படுபவற்றை, அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தாளும் கால் டிகிரி அகலமும் கால் டிகிரி உயரமும் கொண்டது. மலை, ஆறு, ஊர் எதையும் பொருட்படுத்தாத கட்டம் அது. 13ஆம் அட்சரேகையும் 80ஆம் தீர்க்கரேகையும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சற்று மேற்கே விழுகிறது. அந்த மூலையில் நான்கு தாள்கள் கூடுகின்றன.

ஆகவே எங்கள் பள்ளத்தாக்கை ஒரே தாளில் பார்க்க இயலாது. குன்றத்தூர்க் குன்று 66 டி/1 என்ற தாளின் மேல் விளிம்பை ஒட்டி நிற்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் வடபகுதி 66 சி/4 என்ற தாளிலும் தென்பகுதி 66 டி/1 என்ற தாளிலுமாகப் பிளந்து கிடக்கிறது. ஏரிக்கு நீர் தரும் திருப்பெரும்புதூர்ப் பக்கம் 80ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் முற்றிலும் வேறு தொகுதியான 57ஐச் சேர்ந்தது. அடையாறு மணிமங்கலம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் எனத் தென் தாளில் ஓடி, மணப்பாக்கம் பக்கம் வடக்குத் தாளுக்கு ஏறி, கோட்டூர்புரம் தாண்டியதும் 66 சி/8க்குள் நுழைந்து கடலைச் சேர்கிறது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சமே நீளமுள்ள ஒரு சிற்றாற்றை அதன் நீர்ப்பிடிப்போடு காண நான்கு தாள்களை வெட்டி ஒட்டவேண்டும்.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. கட்டம் அப்படி விழுந்தது, அவ்வளவே. ஆனால் ஒரு நிலத்தை நாம் எப்படி அறிகிறோம் என்பதற்கு இது நல்ல உருவகம். திருப்பெரும்புதூரில் பெய்யும் மழை ஒரு தாள், அது தேங்கும் ஏரி இன்னொரு தாள், அது வடியும் ஆறு மூன்றாவது தாள். பிற்காலத்தில் நிர்வாகமும் இதே போலத்தான் பிரிந்தது. ஒரு தாளை மட்டும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர்களுக்கு அடுத்த தாளில் இருப்பது தெரியாது.

*

இந்நிலத்தை அளந்தவர்களின் வரலாறு நீண்டது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். தங்களுக்குக் கிடைத்தது என்ன என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. எனவே 1767இல் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அளக்கப் பணித்தார்கள். 1774 வரை நீண்ட அப்பணியில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை காணி நன்செய், எத்தனை காணி புன்செய், ஏரிக்கும் தாங்கலுக்கும் தோப்புக்கும் காட்டுக்கும் எவ்வளவு, எத்தனை வீடுகள், எவருக்கு என்ன மானியம் என்பதெல்லாம் பதிவாயின. இவற்றுக்கு அடிப்படையாக அமைந்த கிராமக் கணக்குகள் ஓலையில் தமிழில் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் எஞ்சியவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் அவ்வோலைகளைப் படித்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளை 2001இல் நூலாக வெளியிட்டது.

அக்கணக்குகளை நான் ஒரு நெடும்பாடலைப் படிப்பதுபோல் படித்தேன். ஊரின் விளைச்சலில் ஒரு பங்கு கணக்கனுக்கு, ஒரு பங்கு தச்சனுக்கு, ஒரு பங்கு கோயிலுக்கு, ஒரு பங்கு நீர் பாய்ச்சுகிறவனுக்கு, ஒரு பங்கு ஏரியின் பராமரிப்புக்கு. ஏரி அங்கே நிலப்பரப்பின் ஓர் உறுப்பு மட்டும் அன்று; விளைச்சலில் பங்கு பெறும் ஓர் ஊர்க்காரரும் ஆகும். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளிலேயே ஏரிவாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. அந்த ஒழுங்கின் கடைசி மூச்சைத்தான் பர்னார்டின் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். 1780இல் ஹைதர் அலியின் படைகள் இச்சீமையில் புகுந்து எரித்தன. பின்னர் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், உடைந்து கிடந்த ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் மிகுந்த ஊக்கம் காட்டினார். மதுராந்தகம் ஏரியின் கரையை இரவில் இராமனும் இலக்குவனும் நின்று காப்பதை அவர் கண்டார் என்ற கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது. ஏரிகாத்த இராமர் என்றே அக்கோயிலின் பெருமாளுக்குப் பெயர். ஒரு வருவாய் அதிகாரி ஊரின் புராணத்துக்குள் நுழைய ஏரியே வாயிலாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பிளேஸ் பதவியேற்ற அதே 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதியிலிருந்து சில பையன்களைத் தேர்ந்தெடுத்துச் சங்கிலி பிடிக்கவும் கோணம் அளக்கவும் படம் வரையவும் கற்பித்தார்கள். அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1920இல் அக்கல்லூரி இடம்பெயர்ந்து வந்து சேர்ந்தது அடையாற்றின் தென்பக்கத்துக்கு.

1802இல் வில்லியம் லாம்டன் வந்தார். பிற்காலத்தில் இமயம்வரை சென்று சிகரங்களை அளந்த பெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு அவ்வாண்டு ஏப்ரல், மே மாத வெயிலில் பரங்கிமலைக்கருகே, அதாவது அடையாற்றின் தென்கரைச் சமவெளியில், எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 40,006 அடி, ஏழரை மைல். இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. நிலம் கிட்டத்தட்ட மட்டமாக இருந்தது. கோடையில் காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் தடையின்றிக் கிடந்தது. அதே சமவெளி மார்கழியில் எப்படி இருக்கும் என்பது அவருடைய கணக்குக்குத் தேவைப்படவில்லை.

நில அளவைக்காரர்களின் பருவம் உழவனின் பருவத்துக்கு நேர் எதிரானது. மழைக்காலத்தில் கூடாரம் அடிக்க முடியாது, கருவியைத் தூக்க முடியாது, மூடுபனியில் குறி தெரியாது. அதனால் மழை விட்டபிறகு கிளம்பிக் கோடை முடியுமுன் படத்தை முடிப்பார்கள். நம்முடைய வரைபடங்கள் பெரும்பாலும் வறண்ட மாதங்களின் வரைபடங்கள் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். ஆற்றுப்படுகை வெள்ளையாகவும் நடுவே மெல்லிய நீலக் கோடாகவும் காட்டப்படும். படிக்கத் தெரிந்தவருக்கு அந்த வெள்ளையும் ஆறுதான். தெரியாதவருக்கு அது காலிமனை.

பிறகு 1858 முதல் சென்னை மாகாண வருவாய் அளவை. ஊர்தோறும் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற கணக்கில் கிராம வரைபடங்கள், வயல்தோறும் சர்வே எண், மூலைதோறும் கல். நம் பத்திரங்களிலுள்ள சர்வே எண்களின் பரம்பரை இங்கே தொடங்குகிறது. 1905க்குப் பின் நில அளவைத் துறை தன் முறைகளைச் சீரமைத்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் பல வண்ணங்களில் அச்சிட்ட தாள்களை வெளியிடத் தொடங்கியது. நீருக்கு நீலம், உயரக்கோட்டுக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை, சாலைக்குச் சிவப்பு. நாம் இன்று ‘டோப்போ ஷீட்’ என்று சொல்வதன் உருவம் அப்போது நிலைபெற்றது.

இந்தத் தாள்களை நாம் பார்க்க முடிந்ததா என்பது வேறு கதை. நாடு விடுதலை பெற்றபின்னும் பல பத்தாண்டுகள் எல்லைப் பகுதி, கடலோரப் பகுதித் தாள்கள் பொதுமக்களுக்கு எட்டாமல் பாதுகாப்புக் கருதிக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. சென்னை கடலோரம். ஆகவே குன்றத்தூர்க்காரர் ஒருவர் தம் ஊரின் ஏரியை வரைபடத்தில் பார்க்க விரும்பினால், 1950களில் அமெரிக்க இராணுவத்தின் வரைபடப் பிரிவு இந்தியத் தாள்களைக் கொண்டு சிறிய அளவில் தொகுத்த படங்களை, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் பார்ப்பதே எளிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான தனித் தாள்களை அறிமுகம் செய்தது. 2017இல் அவற்றை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி பிறந்தது. 2021இன் புதிய நெறிமுறைகள் எஞ்சிய தடைகளில் பலவற்றை நீக்கின. கதவு திறந்தபோது, படத்தில் இருந்த பல ஏரிகள் நிலத்தில் இல்லை.

*

பழைய ஓரங்குலத் தாளை முதன்முதலில் விரித்துப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. மலைநாட்டுத் தாள்களில் பழுப்புக் கோடுகள் கைரேகைபோல் நெருங்கி ஓடி மேட்டையும் பள்ளத்தையும் கண்முன் நிறுத்தும். எங்கள் பக்கத்துத் தாளில் பரங்கிமலை, பல்லாவரம், திருநீர்மலை, குன்றத்தூர் என்று ஆங்காங்கே சில சுழிகள். மற்றபடி பழுப்பு நிறமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஓரங்குலத் தாளில் உயரக்கோடுகள் 50 அடிக்கு ஒன்று வீதம் வரையப்பட்டன. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 85 அடி. அங்கிருந்து கடல் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் உயரம் 52 அடி. அப்படியானால் ஏரியின் நீர்மட்டத்துக்கும் கடலுக்கும் இடையே படத்தில் விழக்கூடிய உயரக்கோடு ஒன்றே ஒன்று, 50 அடிக் கோடு. ஒரு முழுப் பள்ளத்தாக்கின் சரிவைப் பற்றி வரைபடம் பேசும் சொல் அது மட்டுமே. எவரெஸ்டை அளந்த கலை, தான் பிறந்த சமவெளியில் ஊமையாகி நிற்கிறது.

சில மாலைகள் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தபின் ஒன்று புலப்பட்டது. தாள் முழுவதும் நீல நிறத்தில் சிதறிக் கிடந்த ஏரிகள் சிதறிக் கிடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கருங்கோட்டில் அழுத்தமான கரை, மறுபக்கம் தெளிவற்ற, மெலிந்து தேயும் விளிம்பு. கரை வளைந்து பிறைபோல் இருக்கிறது. பிறையின் வாய் மேட்டைப் பார்க்கிறது, முதுகு பள்ளத்தைப் பார்க்கிறது. செம்பரம்பாக்கத்தின் கரை கிழக்கே. அதன் நீர் மேற்கு நோக்கிப் படர்ந்து தேய்கிறது. ஆகவே நிலம் கிழக்கே சரிகிறது. இப்படி ஏரிக்கு ஏரி பார்த்துக்கொண்டே போனால் சரிவு மட்டுமன்று, சரிவின் திருப்பங்களும் துலங்குகின்றன.

ஏரிக்கரை என்பது வேறென்ன? ஒரே மட்டத்தில் நிற்கும் நீரைத் தடுக்க, ஒரே மட்டத்திலுள்ள நிலத்தைத் தேடித்தேடி ஒட்டிக்கொண்டு போன மண்கோடு. அதாவது அதுவே ஓர் உயரக்கோடு. அச்சுத்தாளில் பழுப்பு மையால் வரைய முடியாத, 50 அடிக்கும் 85 அடிக்கும் இடைப்பட்ட அத்தனை மட்டங்களையும் எங்கள் முன்னோர் மண்ணால் நிலத்தின்மீதே வரைந்து வைத்திருக்கிறார்கள். தியோடலைட்டோ மட்டக்கருவியோ அவர்களிடம் இல்லை. தேங்கும் நீரே அவர்களுடைய மட்டக்கருவி. லாம்டன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்பள்ளத்தாக்கு அளக்கப்பட்டுவிட்டது. அதன் வரைபடம் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் நிலத்தில் கிடந்தது. நில அளவைத் துறை செய்தது அதைப் படியெடுத்ததே.

இதனால்தான் ஓர் ஏரியைத் தூர்ப்பது வெறும் நீர்நிலையை அழிப்பதாகாது என்று நினைக்கிறேன். கரையைச் சமன் செய்தவுடன் அந்த இடத்தின் சரிவைச் சொல்லும் ஒரே எழுத்தும் அழிந்துபோகிறது. அதற்குப் பிறகு வருபவர் கண்ணுக்கு நிலம் மட்டமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நீருக்கு மட்டும் எழுத்து தேவையில்லை. அது பழைய பாடத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறது.

*

படத்தில் ஏரிகள் இருந்தன. ஆனால் ஏரி என்ற சொல் பெரும்பாலும் இல்லை. ஆங்கில அளவையாளர் இவை அனைத்தையும் ‘டேங்க்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டனர். அச்சொல்லே குஜராத்தியிலிருந்தும் போர்த்துக்கீசியத்திலிருந்தும் இந்திய ஆங்கிலத்துக்குள் புகுந்ததாகச் சொல்வார்கள். ஏரி மழை வடிநீரை மூன்று பக்கக் கரையால் மறித்துப் பாசனத்துக்குத் தேக்குவது. குளம் தோண்டப்படுவது, குளிக்கவும் கோயிலுக்கும் ஆவது. தாங்கல் பெரிய ஏரிக்குமுன் வரும் நீரைத் தாங்கியும், தன் சிறு ஆயக்கட்டுக்குப் பாய்ச்சியும் நிற்பது. குட்டை ஆடுமாடுகளுக்கு. கேணி, ஊருணி குடிநீருக்கு. ஏரிக்குள்ளும் தனித்தனி உறுப்புகள் உண்டு. மதகு வழியாக நீர் வயலுக்குப் போகும். கலங்கல் வழியாக மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கல் இல்லாத ஏரி உடையும். ஆகவே எந்த ஏரியும் தனியாக நிற்பதில்லை. ஒன்றின் கலங்கல் மற்றொன்றின் வரத்து. இத்தொடர்பு முழுவதும் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. ‘டேங்க்’ என்ற சொல்லுக்குள் இல்லை. அதற்குள் இருப்பது ஒரு தொட்டி மட்டுமே. தொட்டியை மூடினால் அடுத்த தொட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ணத் தோன்றும்.

ஊர்ப்பெயர்களும் இப்படித் தேய்ந்தன. பழைய அளவைக் குறிப்புகளில் பெரும்பாக்கம் ‘பெரும்பாக்’ ஆயிற்று. பழைய தாள்களை இன்றைய படத்தின்மேல் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. நாட்டின் தீர்க்கரேகைகளுக்கெல்லாம் மூலமாகக் கொள்ளப்பட்ட சென்னை வானாய்வகத்தின் இருப்பிடமே சற்றுப் பிழையாகக் கணிக்கப்பட்டிருந்தது. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் தீர்க்கரேகை ஏறத்தாழ இரண்டரைக் கலை கூடுதலாக இருக்கும். நிலத்தில் அது நாலரைக் கிலோமீட்டர். திருத்தாமல் பொருத்தினால் ஏரி ஆற்றின்மேல் ஏறிவிடும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்பவர்களுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானதே.

*

வரைபடத்துக்கு வெளியேயும் சில சாட்சிகள் உண்டு. அடையாறும் செம்பரம்பாக்கத்தின் மிகுநீரும் கூடுமிடத்தருகே திருநீர்மலை இருக்கிறது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்தபின் ஏறித் தொழுதார் என்பது தலமரபு. நீர்மலை என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள். ஆறு மாதம் என்பதைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மலையைச் சுற்றி நீர் நிற்கும் என்ற செய்தியை ஊர் ஆயிரம் ஆண்டுகளாகத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருந்தது. வறண்ட மாதத்தில் வந்த அளவையாளரின் தாளில் இல்லாத மழைக்காலம் இந்தக் கதையில் இருக்கிறது.

ஆற்றின் தலைப்பக்கத்து மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் குறிக்கப்படுகிறது. இன்றும் அங்கே பேரேரி ஒன்று உண்டு. குன்றத்தூரோ சேக்கிழாரின் ஊர். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த அவர், சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தின் நினைவாக இங்கே கோயில் எழுப்பினார் என்பதும், அவர் தம்பி பாலறாவாயர் ஊரில் ஒரு குளம் வெட்டினார் என்பதும் மரபு. அண்ணன் காப்பியம் பாடினார், தம்பி குளம் வெட்டினார். பெரியபுராணத்தில் தொண்டைநாட்டையும் பாலாற்றையும் விரித்துப் பாடும் இடம் திருக்குறிப்புத்தொண்டர் புராணம். நீர் மேலே தெரியாத ஆற்றில் மணலைத் தோண்டி நீர் காணும் நாட்டைப் பாட, நீரைத் தேக்கிக் காக்கும் ஊரில் பிறந்த ஒருவர் வாய்த்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

*

இனி என் தாங்கலுக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை தொடங்கிய இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. அடையாற்றின்மேல் பாலமாக நீட்டப்பட்ட ஓடுபாதையைக் கொண்ட விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. ஏரியைத் திறந்த விதத்தைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே அதைக் குறித்தது. அந்த விவாதம் தேவையானதே. ஆனால் மதகைத் திறந்த கையை மட்டும் பார்த்தால், ஆற்றில் இறங்கிய நீரில் செம்பரம்பாக்கத்தைத் தொடாமலே ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கங்களிலிருந்து வந்தது எவ்வளவு என்ற கேள்வி மறைந்துவிடும். அது அடுத்த தாளில் இருக்கிறது.

பழைய தாளில் இப்பள்ளத்தாக்கின் நீர் மேற்கிலிருந்து கிழக்கே செல்கிறது. நம் காலத்தின் பெருஞ்சாலைகள் வடக்கு தெற்காக அதற்குக் குறுக்கே செல்கின்றன. வண்டலூரிலிருந்து வடக்கே நெமிலிச்சேரி வரையிலான வெளிவட்டச் சாலை 2014இல் திறக்கப்பட்டது. உயர்த்திக் கட்டிய சாலை, நிலவரைவின் கண்ணில் ஒரு நீண்ட ஏரிக்கரை. அதன் அடியில் பாலங்களும் சிறுபாலங்களும் இருக்கின்றன. ஆனால் ஏரிக்கரையைக் கட்டியவன் முதலில் கலங்கலுக்கு இடம் தேடினான். நாம் முதலில் சுங்கச் சாவடிக்கு இடம் தேடுகிறோம்.

வெள்ளத்துக்கு நான்காண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் வெடித்துக் காய்ந்து கிடந்த காட்சியை உலகமே விண்கோள் படத்தில் பார்த்தது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி. மிகுதியும் வறட்சியும் ஒரே நோயின் இரு குறிகள். இடையில் நீரைத் தாங்க வேண்டியவை இல்லாமற்போனால் வருவது எல்லாம் ஒருசேர வரும், போவது எல்லாம் ஒருசேரப் போகும். தாங்கல் என்ற சொல்லின் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது எனலாம்.

66 டி/1 தாளின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, பெயர் எழுதப்படாத, நகக்கண் அளவு நீலப் பிறை ஒன்று இருக்கிறது. வாய் மேற்கே, முதுகு கிழக்கே. என் மனை அதன் கரையோரம் என்றுதான் இத்தனை நாளும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்ததில் கரையோரம் அன்று. பத்திரத்தில் ‘கிழக்கே தாங்கல்’ என்று எழுதியவர் கோடையில் நீர் நின்ற இடத்தை எல்லையாகக் கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில் நீர் மேற்கே ஏறிப் படரும் பகுதிக்குள் என் வீடு நிற்கிறது. நீர் என் வீட்டுக்குள் புகுந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தன் இடத்துக்குத் திரும்பியபோது நான் அங்கே இருந்தேன் என்பதே சரியான வாக்கியம்.

வீட்டை விற்றுவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யாரிடம் விற்பது? பத்திரத்தைப் படிக்காத இன்னொருவரிடம்தான் விற்க முடியும். அதற்கு மனம் ஒப்பவில்லை.

இவ்வாண்டு முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலுள்ள பழைய பத்திரத்திலிருந்து நான்கெல்லையை மட்டும் படியெடுத்து வரச் சொன்னேன். பெயர்களோ விலையோ வேண்டாம். நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் வந்தன. ஓடை, கலங்கல், ஏரி உள்வாய், வரத்துக்கால், மதகடி, தாங்கல், நத்தம், மேய்க்கால், களம். பல சொற்களுக்கு மாணவர்கள் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், ‘உள்வாய் என்றால் என்ன ஐயா?’ என்று கேட்டாள். ஏரியின் நீர் பரவும் உட்பகுதி என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்போது எங்கள் வீடு?’ என்றாள். கரும்பலகையில் ஒரு பிறையை வரைந்து, எந்தப் பக்கம் கரை என்று முதலில் பார்ப்போம் என்றேன்.